லூப் ரோட்டில் முறிந்த ஆன்டெனா

ஆரோக்கியராஜுக்கு வாய்க்கு முன்னால் கை பேசிவிடும் என்பது நொச்சிக்குப்பத்தில் ஊரறிந்த விஷயம். பத்தொன்பது வருஷத்துக்கு முன்னால், மீன் ஏலத்தில் நடந்த தகராறில் அவனுடைய அக்கா லூர்துமேரியின் கையைப் பிடித்து இழுத்தான் ஒருவன். ஆரோக்கியராஜ் துடுப்பை எடுத்து அவன் முழங்காலைப் பெயர்த்துவிட்டான். அதற்குப் பதினாலு மாதம் புழல் ஜெயிலில் இருந்தான். அந்தப் பதினாலு மாதமும் லூர்துமேரி விடியற்காலையில் மீன் விற்றுவிட்டு, கவிச்சி போகக் குளிக்கக்கூட நேரமில்லாமல், வக்கீல் வீட்டு வாசலிலும் ஜெயில் வாசலிலும் மாறி மாறி நின்றாள்.

வெளியே வந்தவன் கடலுக்குத் திரும்பவில்லை. மந்தைவெளியில் ஒரு சந்துக்குள் தகரக் கூரை போட்டு, ஷட்டர் வைத்து, கார் எலக்ட்ரீஷியன் வேலை ஆரம்பித்தான். மேகலாவைக் கட்டிக்கொண்டான். அதற்கப்புறம் யார் மேலும் கை வைத்ததில்லை. கோபம் வந்தால் ஷெட்டின் பின்பக்கம் போய் அங்கே கிடக்கும் தார் ட்ரம்மை நாலு குத்து குத்திவிட்டு வந்து வேலையைப் பார்ப்பான். அந்த ட்ரம்மில் சொட்டையாகாத இடம் ஒன்றுகூடக் கிடையாது.

ஒரு புதன்கிழமை காலை, டி.நகர் பாத்திரக்கடை முதலாளி வெள்ளைச்சாமியின் கருநீலக் கான்டசா ஷெட்டுக்குள் நுழைந்தது. முப்பது வருஷத்து வண்டி. பல வருஷமாக அதன் வயரிங் முழுக்க ஆரோக்கியராஜின் கைவேலைதான். ஆனால் ஓட்டிக்கொண்டு வந்தது முதலாளி இல்லை, அவருடைய ஒரே மகன் ஸ்ரீஹரி. இருபத்தெட்டு வயது. நெற்றியெல்லாம் வியர்த்திருந்தது.

முன்பக்கம் இடது மட்கார்டில் இருந்த பவர் ஆன்டெனா பிய்ந்து, நாலு விரல் உயரத்துக்கு ஒரு முண்டு மட்டும் கோணலாக நீட்டிக்கொண்டிருந்தது.

"அண்ணே, இது நாளைக்குள்ள சரியாகணும். அப்பா ஊருக்கு, தூத்துக்குடிக்குப் போயிருக்காரு. வெள்ளிக்கிழமை காலைல வந்துடுவாரு."

"யாரு ஒடச்சா?"

"பார்க்கிங்ல யாரோ. தெரியலண்ணே."

ஆரோக்கியராஜ் குனிந்து பார்த்தான். போகிற போக்கில் உடைக்கிறவன் மடக்கித்தான் உடைப்பான். இது யாரோ பிடித்திருக்க, வண்டி நகர்ந்து, இழுபட்டுப் பிய்ந்தது. உள்ளே குழாயே முறுக்கிக்கொண்டிருந்தது. அவன் அதைச் சொல்லவில்லை. வாடிக்கைக்காரர் வீட்டுப் பிள்ளை. எங்கே உரசினானோ, எதற்கு மறைக்கிறானோ.

"இப்ப எவன் தம்பி இத்தப் போட்டுக்கினு கீறான்? கண்ணாடில ஒட்ற மாதிரி சின்னதா ஒண்ணு கீது. அரை மணி நேர வேலை."

"வேணாம்ணே. இதே மாதிரியே இருக்கணும். மாத்தினதே தெரியக் கூடாது." ஸ்ரீஹரி முண்டைத் தொட்டுப் பார்த்தான். "காலைல ஏழேகால் நியூஸுக்கு ரேடியோவைப் போடுவாரு. இது முழுசா மேல வர்ற வரைக்கும் பார்த்துட்டுத்தான் வண்டியை எடுப்பாரு. பாதில நின்னாக்கூட…"

சட்டைக் காலரை மேலே இழுத்துவிட்டுக்கொண்டு ஆட்டோ பிடித்துப் போய்விட்டான்.

ஆரோக்கியராஜ் சக்கரத்தைக் கழற்றி, உள்தகட்டை எடுத்து, மோட்டாரை இறக்கினான். இந்த ஆன்டெனாவின் சூட்சுமம் ரொம்பச் சாதாரணம். ஒன்றுக்குள் ஒன்றாக நுழையும் ஆறு குழாய். நடுவில் ஒரு நைலான் கயிறு, ஒரு பக்கம் முழுக்க ரம்பம் மாதிரிப் பல் வைத்தது. ரேடியோவைப் போட்டால் மோட்டார் சுற்றி, பல்லைப் பிடித்துக் கயிற்றை மேலே தள்ளும். கயிறு குழாயைத் தூக்கும். அணைத்தால் சுருட்டி இழுத்துக்கொள்ளும். இதில் கயிறு உள்ளேயே அறுந்து, மிச்சம் பல்சக்கரத்தில் சிக்கிக் கிடந்தது. மோட்டார் பிழைத்திருந்தது. புதுசாகக் குழாயும் கயிறும் கிடைத்தால் போதும்.

புதுப்பேட்டை ஷாஹுல் ஹமீதுக்குப் போன் போட்டான். எந்தப் பழைய வண்டியின் எந்த உறுப்பைக் கேட்டாலும் எங்கிருந்தோ தோண்டி எடுத்துவிடுவார்.

"கான்டசா ஆன்டெனாவா? ஒண்ணு கெடக்குது, ராஜு. நாளைக்குக் காலைல வா. பழைய துண்டு இருந்தா எடுத்துட்டு வா, அளவு பாத்துக்கலாம்."

அன்று சாயங்காலம் அக்காவுக்கும் போன் செய்தான். இரண்டு நாளாக அவளிடமிருந்து சத்தமே இல்லை. "மீன் ஆயறப்போ கண்ணுல செதில் அடிச்சிகிச்சிடா. மேகலா ஆஸ்பத்திரிக்கு இட்னு போனா. கட்டு போட்டுக்கீறாங்க. நீ ஓடியாராத, வேலையப் பாரு," என்றாள். செதில் தெறிப்பது மீன் ஆய்கிறவர்களுக்குப் புதுசில்லை. நம்பினான். ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்க்கலாம் என்று விட்டுவிட்டான்.

வியாழக்கிழமை காலை, புதுப்பேட்டைக்குக் கிளம்பும்முன் ஸ்ரீஹரியைக் கூப்பிட்டான். "ஒடஞ்ச துண்டு கீதா தம்பி?"

"டிக்கில இருக்குண்ணே. அளவு பார்த்துட்டுத் தூக்கிப் போட்டுருங்க. எனக்கு வேணாம்."

டிக்கியில் பேப்பரில் சுற்றி வைத்திருந்தது. பிரித்தான். கை நீளத்துக்கு ஒரு துண்டு, சாட்டை மாதிரி வளைந்திருந்தது. குழாய்கள் சேரும் இடங்களில் கறுப்பாகக் காய்ந்த ரத்தம். ஒரு இடுக்கில் இரண்டு நரைமுடி. பக்கத்தில் ஒட்டிக்கொண்டு காய்ந்த ஒரு செதில். வெளிர்ச்சிவப்பு. சங்கரா மீனின் செதில்.

இதை வைத்து யாரையோ விளாசியிருக்கிறான். முடி நரைமுடி. வயசானவர். ஆனாலும் ஆரோக்கியராஜ் என்ன செய்தான்? ஒரு கந்தல் துணியில் மண்ணெண்ணெய் தொட்டுத் துண்டைத் துடைத்தான். நமக்கெதுக்கு வம்பு என்று நினைத்தான். பின்னால் ஆயுசு முழுக்க அவனால் மன்னிக்க முடியாமல் போனது தன்னுடைய இந்த ஒரு காரியத்தைத்தான்.

புதுப்பேட்டை போய்ச் சாமானை வாங்கிக்கொண்டு திரும்பி, ஷட்டரைத் தூக்கிப் பழைய துண்டையும் புதுசையும் பெஞ்சில் வைத்தபோது மணி ஒன்று. மேகலா சோற்றுக் கேரியரோடு ஷெட் வாசலில் நின்றிருந்தாள். நின்றிருந்தவள் உள்ளே வரவில்லை. கேரியரை வாசலிலேயே வைத்துவிட்டுக் காரைப் பார்த்தாள்.

"இன்னாடி?"

"இந்தக் காரு… இந்தக் காரு இங்க ஏன்யா கீது?"

சொல்லிவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள். அவ்வளவுதான். அவன் கார் நம்பரைப் பார்த்தான், உடைந்த முண்டைப் பார்த்தான், பெஞ்சின் மேல் தான் துடைத்து வைத்த துண்டைப் பார்த்தான். அக்காவின் கண்ணில் அடித்த செதில் எது என்று அவனுக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

"சொல்லு," என்றான்.

மேகலா தரையில் உட்கார்ந்துவிட்டாள். அழுகையும் பேச்சுமாகத்தான் வந்தது. செவ்வாய்க்கிழமை காலை எட்டு மணி. நொச்சிக்குப்பத்துக் கடலோரம், மீன்கடைகள் வரிசையாக இருக்கும் லூப் ரோட்டில் வழக்கமான நெரிசல். கான்டசா ஆரன் அடித்துக்கொண்டே ஓரமாக நுழைந்து, லூர்துமேரியின் மீன் பலகையை இடித்துத் தள்ளியது. ஐஸும் சங்கராவும் ரோடெல்லாம் சிதறின. ஓட்டியவன் இறங்காமல் போகப் பார்த்தான். லூர்துமேரி ஓடிப்போய், கைக்கு எட்டியது ஆன்டெனாதான், அதைப் பிடித்துக்கொண்டாள். "எறங்கி வந்து பதில் சொல்லுடா" என்றாள். அவன் வண்டியை எடுத்தான். ஆன்டெனா பிய்ந்து அவள் கையோடு வந்தது. வண்டி பத்தடி போய் நின்றது. அவன் இறங்கி வந்தான், அவள் கையிலிருந்து அதைப் பிடுங்கினான், அதாலேயே அவளை அடித்தான். முதல் அடிக்குக் கையைக் குறுக்கே கொடுத்தாள். இரண்டாவது காதில் விழுந்தது. மூன்றாவது இடது கண்ணில். ஆட்கள் பாய்வதற்குள் வண்டியேறிப் பறந்துவிட்டான்.

"கண்ணு?"

"வெளிச்சம் மட்டுந்தான் தெரியுமாம்யா. அவ்ளோதான்னு டாக்டரு சொல்லிட்டாரு." மேகலா அவன் காலைப் பிடித்துக்கொண்டாள். "உங்கிட்ட சொல்ல மாட்டேன்னு அண்ணி எங்கிட்ட சத்தியம் வாங்கிச்சு. கேஸ் குடுத்துகீது. இட்லிக்கடை புஷ்பம் வீடியோ எடுத்துகீது. நம்பர வச்சி யாருன்னு கண்டுபுடிச்சிட்டாங்க, நாளைக்கு அவனக் கூப்புடப் போறாங்களாம். நீ கை வச்சின்னா எல்லாம் பூடும்யா. யோவ், கேக்குதா? எல்லாம் பூடும்."

"கேக்குது. நீ வூட்டுக்குப் போ."

"சத்தியம் பண்ணு."

"போன்னு சொன்னேன்ல."

அவள் போனாள். அவன் சோற்றைத் தொடவில்லை. வேலையை எடுத்தான். ஏன் எடுத்தான் என்று பின்னால் போலீஸும் கேட்டது, வக்கீலும் கேட்டார். அவனுக்கே தெரியவில்லை. கை வேலை கேட்டது, கொடுத்தான். பல்சக்கரத்தில் சிக்கிய பழைய நைலானைக் குறட்டால் பிடுங்கினான். மோட்டாரை ஏற்றி முடுக்கினான். புதுக்கயிற்றின் பல், சக்கரத்தைப் பார்த்து இருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்த்து உள்ளே விட்டான். ரேடியோவை அணைத்ததும் மோட்டார் கர்ரென்று கயிற்றை விழுங்கி, குழாய் ஒவ்வொன்றாக உள்ளே போய், உச்சிக் குமிழ் மட்டும் வெளியே நின்றது. மறுபடி போட்டான். ஆறு குழாயும் தயங்காமல் ஏறி நின்றன. இதைவிடச் சுத்தமாக அவன் ஒரு ஆன்டெனா மாட்டியதில்லை.

பின்னால் போய் ட்ரம்மைக் குத்தினான். நாலு, பத்து, பதினைந்து. விரல் முட்டிகள் பிளந்து ரத்தம் வந்தது. அடங்கவில்லை. ரத்தக் கையாலேயே போனை எடுத்தான்.

"ரெடி தம்பி. வந்து எடுத்துக்கோ."

ஸ்ரீஹரி நாலு மணிக்கு வந்தான். ஆன்டெனா ஏறுவதைப் பார்த்ததும் முகம் மலர்ந்துவிட்டது. "சூப்பர்ணே. தெய்வம்ணே நீங்க," என்று பர்ஸை எடுத்தான். அவனுக்குப் பின்னால் ஷட்டர் இறங்கும் சத்தம் கேட்டது.

"லூப் ரோட்ல நீ அடிச்சியே ஒரு பொம்பள, அது எங்க அக்கா."

ஸ்ரீஹரி திரும்புவதற்குள் முதல் குத்து தாடையில் இறங்கியது. பர்ஸ் ஒரு பக்கம், அவன் ஒரு பக்கம். ஆரோக்கியராஜ் சட்டையைப் பிடித்துத் தூக்கி வயிற்றில் முட்டியால் இடித்தான். மறுபடி தூக்கினான், பேட்டரி ரேக்கின் மேல் வீசினான். ரேக் சரிந்து டிஸ்டில் வாட்டர் கேன்கள் உருண்டன. ஸ்ரீஹரி வாயிலிருந்து ரத்தம் ஒழுகத் தவழ்ந்து காருக்கு அந்தப் பக்கம் போகப் பார்த்தான். ஆரோக்கியராஜ் பெஞ்சின் மேலிருந்த பழைய ஆன்டெனாத் துண்டை எடுத்தான்.

"எழுந்திரு."

ஸ்ரீஹரி எழுந்தான். ஆனால் ஓடவில்லை, கும்பிடவில்லை, அண்ணே விட்டுருங்க என்று கெஞ்சவும் இல்லை. திரும்பி நின்றான். இரண்டு உள்ளங்கைகளையும் பானெட்டின் மேல் பரப்பி வைத்து, காலை அகட்டி, முதுகைக் காட்டிக் குனிந்துகொண்டான். பல தடவை நின்று பழகிய மாதிரி நின்றான்.

ஆரோக்கியராஜ் அடித்தான். ஆன்டெனா காற்றைக் கிழித்துக்கொண்டு போய் முதுகில் விழுந்தது.

"ஒண்ணு," என்றான் ஸ்ரீஹரி.

இரண்டாவது அடி.

"ரெண்டு."

மூன்றாவதில் சட்டை கிழிந்தது. கிழிந்த இடத்தில் தெரிந்த முதுகில் புதுத் தடிப்புக்கு அடியில் பழைய தழும்புகள். பெல்ட்டின் பக்கிள் பதிந்த சதுரச் சதுரமான தழும்புகள், ஒன்றின் மேல் ஒன்றாக. சில வெளுத்துப்போனவை, சில போன மாதத்தவை.

"மூணு."

"ஏண்டா எண்ணுறே?"

"அப்பாவுக்கு எண்ணணும்ணே. விட்டுட்டா முதல்லேர்ந்து ஆரம்பிப்பாரு."

அதைக் கேட்டு ஆரோக்கியராஜுக்கு மனசு இளகியது என்று சொன்னால் பொய். இன்னும் வெறிதான் ஏறியது. இவ்வளவு அடி வாங்கினவனுக்கு அடி என்றால் என்னவென்று தெரியாதா?

"எங்க அக்காவ அடிக்கறப்போ எண்ணுனியாடா?"

ஸ்ரீஹரி பானெட்டில் கன்னத்தை வைத்தபடியே, "மூணு," என்றான். பிறகு, "அந்த ஆன்டெனா உடைஞ்சதுதாண்ணே எனக்குத் தெரிஞ்சுது. அவங்க முகம்கூட ஞாபகம் இல்ல," என்றான்.

ஆரோக்கியராஜ் அவன் தலைமுடியைப் பற்றி முகத்தைப் பானெட்டில் மோதினான். மூக்கு உடைந்த சத்தம் ரேடியோப் பாட்டையும் மீறிக் கேட்டது. இன்னொரு தடவை மோதியிருப்பான். அதற்குள் வெளியே யாரோ ஷட்டரைக் காலால் உதைத்தார்கள்.

"ஏல ஆரோக்கியம்! தெற. உள்ள என் வண்டி இருக்குன்னு தெரியும். தெறல!"

வெள்ளைச்சாமி. வெள்ளிக்கிழமை வரவேண்டியவர், புஷ்பம் எடுத்த வீடியோ கடையாட்கள் வழியாகத் தூத்துக்குடி வரைக்கும் போய்ச் சேர, மத்தியான விமானத்தைப் பிடித்து வந்துவிட்டார். வீட்டில் கார் இல்லை. கார் இல்லையென்றால் எங்கே இருக்கும் என்று அவருக்குத் தெரியும்.

ஆரோக்கியராஜ் ஷட்டரைத் தூக்கினான். தகப்பன் பார்க்கட்டும் என்றுதான் தூக்கினான். அறுபத்திரண்டு வயது, தேக்குக்கட்டை உடம்பு, வெள்ளை வேட்டி. உள்ளே வந்தவர், மூக்கிலும் வாயிலும் ரத்தமாக நின்ற மகனைப் பார்த்தார். யார் அடித்தது என்று கேட்கவில்லை. ஆரோக்கியராஜைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"யாருகிட்ட கேட்டுல வண்டிய எடுத்த?"

"அப்பா…"

"நாலு ஊரு பாத்திருக்குல நீ பொம்பளைய அடிக்கத. என் வண்டி நம்பரு தெரியுது. என் மானம் போச்சுல."

பெல்ட்டைத் தேடின கை வேட்டியில் பட்டுத் திரும்பியது. பக்கத்தில் ஆன்டெனா முழு உயரத்துக்கு நின்றுகொண்டிருந்தது. ஒரே மடக்கு. ஒரே இழுப்பு. ஒரு மணி நேரத்துக்கு முன்னால் மாட்டிய சாமான் அவர் கையோடு வந்தது. அதால் மகனின் முகத்தில் விட்டார். ஸ்ரீஹரி கையைக்கூடத் தூக்கவில்லை. "ஒண்ணு" என்று சொல்ல வாயெடுத்தான், ரத்தம்தான் வந்தது. எண்ணாததற்கு இன்னொன்று விழுந்தது, கண்ணுக்குக் கீழே.

கண்ணுக்குக் கீழே என்பதைப் பார்த்ததும் ஆரோக்கியராஜ் குறுக்கே பாய்ந்தான். கையைப் பிடித்தான்.

"போதும் மொதலாளி."

"நீ யாருல கேக்கதுக்கு? நான் பெத்தவன், நான் அடிப்பேன், கொல்லுவேன்!" கையை உதறி அதே வீச்சில் ஆரோக்கியராஜின் கழுத்தில் ஒன்று போட்டார். தோல் பிளந்தது. இரண்டாவது வீச்சை அவன் பாதியில் பிடித்து முறுக்கினான். நிறுத்த வேண்டிய இடத்தில் அவன் கை நிற்கவில்லை. மணிக்கட்டு மளுக்கென்று ஒடிந்தது. கிழவர் அலறிக்கொண்டு சாய்ந்தார், சாயும்போது ஜாக்கி ஸ்டாண்டில் தலை மோதிக் கீழே விழுந்தார். வேட்டியெல்லாம் ரத்தம்.

"எங்கப்பாவ விடுடா!"

ஆரோக்கியராஜ் திரும்பினான். இவ்வளவு நேரம் முதுகைக் காட்டி நின்றவன் கையில் சக்கரம் கழற்றும் ஸ்பேனர். முகம் அடையாளமே தெரியவில்லை. முழுப் பலத்தோடு வீசினான். ஆரோக்கியராஜின் வலது தோள் எலும்பு நொறுங்கியது. இன்னொரு வீச்சு விலாவில். கீழே விழுந்தவனை ஸ்ரீஹரி மிதித்தான், "எங்கப்பாவ, எங்கப்பாவ" என்று சொல்லிச் சொல்லி மிதித்தான். சந்திலிருந்து ஆட்கள் ஓடி வந்து நாலு பேராக அவனைப் பிடித்து இழுக்கவேண்டியிருந்தது. இழுத்துப் போட்டதும் அவன் தவழ்ந்துபோய் அப்பாவின் தலையை மடியில் வைத்துக்கொண்டு ஓவென்று அழுதான்.

வெள்ளைச்சாமிக்குத் தலையில் ஒன்பது தையல், கையில் தகடு. ஸ்ரீஹரிக்கு மூக்கு, இரண்டு பல். ஆரோக்கியராஜுக்குத் தோளில் மாவுக்கட்டு. கட்டுப் போட்டு முடித்த கையோடு போலீஸ் அவனை ஸ்டேஷனுக்குக் கொண்டுபோனது. பூட்டி வைத்து அடித்தது, கொடுங்காயம் ஏற்படுத்தியது, ஏற்கெனவே ஒரு தண்டனை. கேஸ் நன்றாகவே நின்றது.

மறுநாள் காலை லூர்துமேரி ஸ்டேஷனுக்கு வந்தாள். இடது கண்ணில் பஞ்சும் பிளாஸ்திரியும். காதோரம் கருத்துப்போன ஒரு வரி. கூட மேகலா. அக்காவைப் பார்த்ததும் ஆரோக்கியராஜ் எழுந்து நின்றான். தோள் வலியில் பல்லைக் கடித்தான்.

"வலிக்குதா?" என்றாள்.

"இல்லக்கா."

"எனுக்கு வலிச்சிது. அடி எனுக்கு விழுந்துது. கண்ணு எனுக்குப் பூடுச்சி. ரெண்டு நாளு, ஒத்தக் கண்ண வச்சிக்கினு, ஸ்டேஷனுக்கு நடையா நடந்து கேஸ் குடுத்தது நானு. பயந்துகினு இருந்த புஷ்பத்த சாட்சிக்கு இட்டாந்தது நானு. நீ இன்னா பண்ண?"

லூர்துமேரி வாசல் பக்கம் கையைக் காட்டினாள்.

"அந்தப் பையனோட வக்கீலு வந்துகீறான் வெளிய. நீ வாபஸ் வாங்கு, நாங்களும் வாங்கறோம், உன் தம்பி சாயங்காலமே வூட்டுக்கு வந்துருவான்றான். நேத்து வரைக்கும் அவங்க என்னத் தேடி வந்து கெஞ்சவேண்டியவங்கடா. இன்னிக்கு எனுக்கு நியாயம் சொல்றாங்க."

"வாங்காதக்கா. நான் உள்ள போறேன்."

"நீ சொல்லியாடா நான் வாங்காம இருக்கப்போறேன்?" அவள் குரல் முதல் தடவையாக உடைந்தது. "இது என் கண்ணு. உன்னிய வெளிய எடுக்கறதுக்கு ஒரு தடவை என் பதினாலு மாசத்தக் குடுத்தேன். இத்தக் குடுக்கமாட்டேன்."

மேகலா அழுதாள், கெஞ்சினாள், அண்ணி என்று காலைத் தொட்டாள். லூர்துமேரி வெளியே போய் அந்த வக்கீலிடம் ஒரே வார்த்தையில் முடியாது என்று சொல்லிவிட்டு, மதியக் கடைக்கு மீன் எடுக்கக் கிளம்பிப் போனாள்.

ஆரோக்கியராஜ் முப்பத்தெட்டு நாள் ரிமாண்டில் இருந்தான். ஷெட் பூட்டிக் கிடந்தது. மேகலா இரண்டு வீடுகளில் சமையல் வேலைக்குப் போனாள். ஸ்ரீஹரியையும் கைது செய்தார்கள். ஆறாம் நாள் ஜாமீனில் வந்தான். வந்தவன் அப்பா வீட்டுக்குப் போகாமல் பாலவாக்கத்தில் ஒரு சிநேகிதன் அறையில் தங்கியிருப்பதாகக் கேள்வி. அப்பாவே துரத்தினார் என்றும் சொன்னார்கள், அவனே போகவில்லை என்றும் சொன்னார்கள்.

ஜாமீன் கிடைத்த அன்று ஆரோக்கியராஜ் வீட்டுக்குக்கூடப் போகவில்லை. நேராக லூப் ரோட்டுக்குப் போனான். காலை ஒன்பது மணி, வியாபாரம் மும்முரம். லூர்துமேரி பலகைக்குப் பின்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து கெளுத்தி மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள். பஞ்சு இல்லை. இடது கண் திறந்துதான் இருந்தது. ஆனால் பால் விட்ட மாதிரி வெளுத்துப்போயிருந்தது. ஒற்றைக் கண்ணுக்கு ஆழம் சரியாகத் தெரியவில்லை போலிருக்கிறது, இடது கை விரல்களில் மூன்றில் துணி சுற்றியிருந்தாள்.

அவன் பக்கத்தில் உட்கார்ந்தான். அவள் அவனைப் பார்க்காமலே, "துன்னியா?" என்றாள்.

"இல்ல."

"போன வாரம் அந்தப் பையன் வந்தான்," என்றாள். "அதோ, அந்த லைட்டுக் கம்பத்துகிட்ட நின்னுகினு இருந்தான், கிட்ட வரல. நாந்தான் கூப்ட்டேன். மன்னிச்சிருங்கம்மான்னான். எங்கிட்ட சொல்லாத, கோர்ட்டாண்ட வந்து நீ பண்ணத சொல்லுன்னேன். சொல்றேன்னான்."

"சொல்லுவானா?"

"எனுக்கு இன்னா தெரியும்? சொன்னா சொல்லட்டும், சொல்லாங்காட்டி புஷ்பம் கீது, வீடியோ கீது." கெளுத்தியின் முள்ளை நறுக்கென்று வெட்டி ஒதுக்கினாள். பிறகு கத்தியைப் பலகையில் வைத்தாள். முகத்தை முழுசாகத் திருப்பி, நல்ல கண்ணால் அவனைப் பார்த்தாள்.

"ஒண்ணு கேக்கறேன், நல்லா யோசிச்சு சொல்லு. நாளைக்கு இன்னொருத்தன் என்னிய அடிச்சிட்டான்னு வையி. அத்த நான் உங்கிட்ட சொல்லணுமா, மறைக்கணுமா?"

சொல்லு என்று சொன்னால் தன் கை மறுபடி என்ன செய்யும் என்று ஆரோக்கியராஜுக்குத் தெரியும். மறைச்சிடு என்று சொல்ல நாக்கு வரவில்லை. கட்டுப் பிரித்த தோள் விண்ணென்று தெறித்தது. ரோட்டில் வண்டிகள் ஆரன் அடித்துக்கொண்டு போயின.

அவள் காத்திருந்து பார்த்தாள். "கெளுத்தி எவ்ளோம்மா?" என்று ஒரு அம்மாள் வந்து நின்றதும் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவன் அங்கேயே உட்கார்ந்திருந்தான்.